வீடு பார்க்க வந்தவர்களுக்கு பீட்சா டோஸ்ட்

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு நடக்கும்போது பெண் வீட்டுக்காரர்கள் ஒருநாள் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருவார்கள். உட்காருவார்கள், காபி குடிப்பார்கள், தட்டில் வைத்த பலகாரத்தில் ஒரு விள்ளல் எடுத்துக்கொள்வார்கள். சாப்பிட மட்டும் மாட்டார்கள். சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதனால், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும், எவ்வளவு பசித்தாலும், திரும்பிப் போகும் வழியில் ஓட்டலில்தான் சாப்பிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். பிரட்டின் மேல் சீஸை வைத்துச் சுட்டுக் கொடுத்தால் அது பலகாரத்தில் சேருமா சாப்பாட்டில் சேருமா என்பதுதான் தெரியாது.

அப்போது நாங்கள் தச்சநல்லூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இப்போதும் அதே வீடுதான். அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியும் தார் சுமந்தும் முதுகு வளைந்தவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. திருநெல்வேலி டவுனில் எனக்கு ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைத்த பிறகு இரண்டு பேரையும் கூட்டிவந்துவிட்டேன். எங்கள் வீட்டில் எழுத்து ஒட்டியிருக்கும் எந்தப் பொருளும் நேராக என்னிடம்தான் வரும். மாத்திரை அட்டையானாலும் சரி, கரண்ட் கார்டானாலும் சரி. சவுதியில் லாரி ஓட்டும் சித்தப்பா லீவில் வந்தபோது கொண்டுவந்த ஏர் பிரையரும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

“மருமக வரப்போற வீடு. எண்ணெய் இல்லாம வடை சுடலாமாம்” என்றார் சித்தப்பா.

அம்மா அதற்குக் காத்துச் சட்டி என்று பெயர் வைத்தாள். அதில் வடை சுட்டுப் பார்த்தாள். வடை கல்லாகிவிட்டது. அதன்பிறகு அவள் அதன் பக்கம் போகவில்லை. படித்தவன் நான்தானே என்று அடுப்படி மேடையின் ஓரத்தில் எனக்கென்று ஒதுக்கிவிட்டாள். எனக்கும் ஒன்றும் தெரியாது. போனில் பார்த்துப் பார்த்து பீட்சா டோஸ்ட் ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டேன்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். பிரட் துண்டை முதலில் வெறுமனே போட்டுக் கொஞ்சம் மொறுமொறுப்பாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பக்கம் ஊறிப்போகும். பிறகு தக்காளி சாஸைத் தடவி, பொடியாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய், வேகவைத்த மக்காச்சோளம் தூவி, மேலே சீஸைப் போர்த்தி மறுபடி உள்ளே தள்ள வேண்டும். சீஸ் உருகி ஓரம் சிவந்ததும் எடுத்துவிடலாம். முதல் தடவை நான் செய்தபோது உள்ளே அடித்த காற்றில் சீஸ் துண்டு பறந்துபோய் மேலே இருந்த கம்பியில் ஒட்டிக்கொண்டது. வீடெல்லாம் புகை. அம்மா பேசாமல் புது விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, கழுவி, துண்டு துண்டாக ஒடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு டோஸ்டுக்கும் நடுவில் ஒரு ஈர்க்கு குத்திவிடுவேன். சீஸ் பறப்பது நின்றது.

பெண் சாத்தான்குளம். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை, தங்குவது விடுதியில். அப்பா இல்லை. அம்மாவும், கருப்பட்டி வியாபாரம் செய்யும் தாய்மாமாவும்தான் எல்லாம். ஒரு கோயிலில் வைத்துப் பெண் பார்த்தோம். பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று எங்களைப் பேச விட்டார்கள். என்ன பேச என்று தெரியாமல் நான் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். சொன்னாள். பிறகு அவள் கேட்டாள்.

“சமைக்கத் தெரியுமா?”

“பீட்சா டோஸ்ட் போடுவேன்” என்றேன்.

“அது சமையலா?”

சிரித்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. உதட்டின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். பேருந்தில் திரும்பி வந்த வழி முழுக்க அந்த உதட்டு ஓரத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கு என்னைப் பிடித்ததா என்பது யாருக்கும் தெரியவில்லை. ‘வீடு பாத்துட்டுச் சொல்லுதோம்’ என்று மட்டும் அவர்கள் பக்கத்திலிருந்து தகவல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தார்கள். அவளுடைய அம்மாவும் மாமாவும் மட்டும். எங்கள் வழக்கத்தில் பெண் வரமாட்டாள். அவளுக்கு அன்று டூட்டி வேறு. அம்மா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். அல்வா, மிக்சர், காபி. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பீட்சா டோஸ்டும் கொடுக்கலாம் என்று நான் சொன்னதும் தலையில் கைவைத்தாள். பிரட் காய்ச்சல்காரர்கள் தின்பது, வீட்டில் யாருக்குச் சீக்கு என்று கேட்பார்கள் என்றாள். நான் கேட்கவில்லை. கோயிலில் நான் சொன்னது பொய் இல்லை என்று அவர்கள் போய் அவளிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்கு. வேறு எந்த வழியில் அந்தச் செய்தியை அனுப்புவது என்று தெரியவில்லை.

வந்தார்கள். மாமா உயரமான, கனத்த மனிதர். அப்பாவை அண்ணாச்சி என்றும் என்னைத் தம்பி என்றும் கூப்பிட்டார். வாடகை வீடு, சொந்த ஊர், என் வேலை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் முதல் இரண்டு டோஸ்டைப் போட்டேன். எங்கள் ஏர் பிரையரில் ஒரு நேரத்தில் இரண்டுதான் பிடிக்கும். கொண்டுவந்து தட்டில் வைத்ததும் மாமா குனிந்து பார்த்தார்.

“ரொட்டில்லா இது. வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா அண்ணாச்சி?”

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். இது பீட்சா மாதிரி, கடையில் விற்பார்களே அது என்றேன். ஈர்க்கை எடுத்துவிட்டுத் தின்ன வேண்டும் என்றும் சொன்னேன். மாமா ஈர்க்கை உருவி ஓரமாக வைத்துவிட்டு ஒரு கடி கடித்தார். சீஸ் நூலாக நீண்டது. அது அறுவதற்காகக் கையைத் தூரத் தூரக் கொண்டுபோனார். பிறகு மிச்சத்தையும் தின்றார். பெண்ணின் அம்மாவும் தின்றார்கள். காலையிலேயே பஸ் ஏறியவர்கள்.

நான் உள்ளே போனேன், அடுத்த இரண்டைக் கொண்டுவந்தேன். அப்புறம் அடுத்த இரண்டு. வந்தவர்களின் தட்டு காலியாக இருந்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. அது அவள் கைப்பழக்கம். வேண்டாம் என்று அவர்கள் கையால் மறைக்க மறைக்க, அம்மா ஓரமாகத் தள்ளித் தள்ளி வைத்தாள். நான் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்ததில் எத்தனை போனது என்று கவனிக்கவில்லை. அல்வா அப்படியே இருந்தது.

திடீரென்று அந்த அம்மா கையில் பாதித் துண்டோடு தின்பதை நிறுத்திவிட்டார்கள்.

“அண்ணே, நாம சாப்பிட்டுட்டோமே.”

அப்பா முதலில் சமாளித்தார். ரொட்டிதானே, இது பலகாரம்தான், இதெல்லாம் கணக்கில் வராது என்றார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

“பலகாரம்னா ஒரு தட்டுல மொத்தமா வச்சு முன்னால நவுத்திருவாவ. வேணும்னா எடுப்போம், இல்லன்னா விட்டுருவோம். இது அப்படியா வந்துச்சு? சுடச்சுட ரெண்டு ரெண்டா வந்துச்சு. இவிய நின்னு நின்னு வச்சாவ. தோசைக்கல்லுக்கு முன்னால உக்காந்த மாதிரில்லா தின்னோம்.”

அவர்கள் சொன்னது உண்மை. ஏர் பிரையரின் வாய் சிறிது என்பதால் நான் இரண்டு இரண்டாகக் கொண்டுவந்தேன். கொண்டுவந்த விதத்திலேயே அது பந்தியாகிவிட்டது.

மாமா எழுந்து அடுப்படிக்கு வந்தார். எதில் சுட்டது என்று கேட்டார். காட்டினேன். கூடையை வெளியே இழுத்துப் பார்த்தார். உள்ளே கை விட்டுப் பார்த்தார், சூட்டில் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“தீ எங்கன இருக்கு?”

தீ இல்லை, சூடான காற்று என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கூடத்துக்குத் திரும்பி, தீயே இல்லாமல் வெந்ததை எப்படிச் சாப்பாடு என்று சொல்வது என்று தங்கையிடம் கேட்டார். அந்த அம்மா, அப்படியானால் கரண்ட் குக்கரில் வடிக்கிற சோறு சோறில்லையா என்று திருப்பிக் கேட்டார்கள். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமா கேட்டார்.

“தம்பி படிச்சவரு. நீரே சொல்லும். இது பலகாரமா, சாப்பாடா?”

படித்தவன் என்றால் எதையும் சொல்லிவிடுவான் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. அது இவர்களுக்கும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாப்பாடு என்று சொன்னால் சம்பந்தம் முடிந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் எனக்கு வேண்டும் என்பதற்காகச் சொன்னதாகிவிடும். பலகாரம் என்று சொன்னால் அவர்கள் எழுந்து போய்விடலாம், திரும்ப வராமலும் இருக்கலாம். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் படித்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

“தெரியல மாமா. நேத்து பழகிப் பாக்கதுக்குப் போட்டு நானே தின்னேன். பெறவு பசிச்சுது. சோறும் சாப்பிட்டேன்.”

மாமா என்று சொன்னது எனக்கே பிறகுதான் உறைத்தது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“எனக்குப் பசிக்கல வே. நெறஞ்சு கெடக்கு. அப்போ சாப்பாடுதான்.”

தெரியாமல் பாதி செய்தாகிவிட்டது, பாதியில் விட்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லதில்லை என்றார். தங்கையிடம் உனக்குப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அந்த அம்மா கோயிலில் பார்த்த அன்றே பிடித்துவிட்டது என்றார்கள். மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“அப்போ முறையா ஒரு வாய் சோத்தையும் போட்டுருங்க சம்மந்தி.”

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. அடுத்த நிமிடமே அவமானத்தில் முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்பதால் எங்களுக்கு மட்டும்தான் சமைத்திருந்தாள். புளிக்குழம்பு, அவரைக்காய் பொரியல், மோர். பாயசம் இல்லை, கூட்டு இல்லை, அப்பளம்கூட இல்லை. கல்யாணம் முடிவான சாப்பாட்டில் புளிக்குழம்பா என்று என் காதோரம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அப்பா ஓடிப்போய் இலையும் அப்பளமும் வாங்கி வந்தார். வயிறு நிறைந்த இரண்டு பேர் இலையின் முன்னால் மறுபடி உட்கார்ந்தார்கள்.

அந்த அம்மா உட்காரும் முன்பே மகளுக்குப் போன் போட்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, பேசுங்க மாப்பிள்ளை என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன்.

“என்னமோ முடிஞ்சுட்டுங்காவ. எப்படி முடிஞ்சுது?” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சீஸ் நீண்டது, மாமா கையைச் சுட்டுக்கொண்டது எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“டோஸ்ட்ட யாரு தின்னா?”

“உங்க அம்மாவும் மாமாவும்.”

“நான் திங்கலியே.”

பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

“பிடிக்கலன்னு சொல்லல. என்ட்ட யாரும் கேக்கலன்னு சொல்லுதேன். கோயில்ல இருந்து வந்த பெறவு யாரும் ஒரு வார்த்த கேக்கல. வீடு பாத்துட்டு வாரோம்னு போனாவ. இப்ப சோத்துல உக்காந்துட்டாவ.”

அப்படியானால் நான் கேட்கட்டுமா என்றேன். கேளுங்கள் என்றாள். கேட்டேன். எந்த வார்த்தைகளில் கேட்டேன் என்பது நினைவில் இல்லை.

“இப்ப சொல்ல மாட்டேன்” என்றாள். “அந்த வீட்டுல இருக்கப்போறவ நானு. எல்லாரும் பாத்தாச்சு. நானும் ஒருக்கா பாக்கணும். பெறவு சொல்லுதேன்.”

போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றேன். கூடத்தில் அப்பாவும் மாமாவும் தை மாதமா, சித்திரையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் குரல் அப்படி ஒலித்து நான் கேட்டதே இல்லை. பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அவளே பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அவள் சொன்னால் அவளை அதட்டுவார்கள். நான் சொன்னால் என்னைத்தான் அதட்டுவார்கள். அது பரவாயில்லை என்று பட்டது. போய்ச் சொன்னேன். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை, வீட்டை அவளும் பார்க்க வேண்டுமாம் என்று.

மாமாவின் கை சோற்றில் நின்றது.

“பொம்பளப் புள்ள வந்து மாப்பிள்ள வீட்டப் பாக்கது எங்கன உள்ள வழக்கம்?”

“தெரியல” என்றேன். அன்று நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். லே என்று தொடங்கி, ஆட்கள் இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். அம்மா அப்பளத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மாதான் பைய வாயைத் திறந்தார்கள்.

“அவ சொன்னதும் நெசந்தான அண்ணே. நாம அவட்ட கேக்கலல்லா.”

மாமா எழுந்துவிடுவாரோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். சம்மந்தி என்றும் கூப்பிடவில்லை, அண்ணாச்சி என்றும் கூப்பிடவில்லை.

“மோர ஊத்தச் சொல்லுங்க” என்றார்.

கொஞ்ச நாள் கழித்து, ஒருநாள் சாயங்காலம் டூட்டி முடித்து அவளே வந்தாள். துணைக்கு அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். இந்த முறை அம்மா என்ன கொடுப்பது என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியாததால் தண்ணீர் மட்டும் கொடுத்தோம். அவள் உட்காரவில்லை. குழாயைத் திறந்து பார்த்தாள். தாமிரபரணித் தண்ணீர் தினமும் வருமா, எந்த நேரத்தில் வரும் என்று என் அம்மாவிடம் கேட்டாள். மொட்டை மாடிக்குப் போய்க் கொடிக்கம்பியை இழுத்துப் பார்த்தாள். பெரியவர்கள் இரண்டு பேரும் அன்று இதில் எதையும் பார்க்கவில்லை. தின்றுகொண்டேயிருந்தார்கள்.

நாங்கள் அரிசி மூட்டையும் பழைய சாமானும் போட்டு வைத்திருந்த சின்ன அறையின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். நைட் டூட்டி வந்தால் பகலில் தூங்க வேண்டும், இந்த அறையில் தூங்கலாமா என்று என்னிடம் கேட்டாள். தாராளமாக என்றேன். கதவைச் சாத்தினாள். அது தானாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினாள். மறுபடியும் திறந்துகொண்டது.

“உள்ள தாழ்ப்பாள் இல்லையா?”

இல்லை. குடிவந்த நாளிலிருந்து இல்லை. எங்கள் வீட்டில் யாரும் கதவை அடைத்துத் தூங்கியதில்லை என்பதால் அது இல்லாததே எனக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று குழம்பி, நாளைக்கே போட்டுவிடுகிறேன் என்றேன்.

“போட்டுட்டு எனக்குச் சொல்லுங்க. பெறவு மாமாட்ட நானே பேசுதேன்” என்றாள்.

அது சம்மதமா, தாழ்ப்பாளுக்கு மட்டுமான பதிலா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். அம்மா, என்ன சொல்லுதா, என்ன சொல்லுதா என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைத்தெருவுக்கு நடந்தேன். இரும்புக் கடைக்காரர் எத்தனை அங்குலம் என்று கேட்டார். நான் அளக்கவில்லை. மரக்கதவா, தகரக்கதவா, வலப்பக்கமா, இடப்பக்கமா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கண்ணுக்குள் சாத்தச் சாத்தத் திறந்துகொண்ட கதவு மட்டும்தான் இருந்தது.

“எல்லாத்துலயும் ஒண்ணு குடுங்க அண்ணாச்சி” என்றேன்.